கிரீடமும் சர்வேசுரனுடைய சித்தமும்



மூவாண்டு வாசக வட்டத்தின் முதல் ஆண்டில், பொதுக்காலம் 29ஆம் ஞாயிற்றுக்கிழமைப் பூசையிலே, இசையாஸ் தீர்க்கதரிசியின் ஆகமம் 45ஆம் அதிகாரத்திலிருந்து ஒரு சிறு வாசகம் வாசிக்கப்படுகிறது. அதில் சர்வேசுரன் ஓர் அந்நிய அரசனைத் தாம் அபிஷேகம் செய்தவன் என்று அழைக்கிறார். அவன் பெயர் சீருஸ். பாரசீக தேசத்து அரசன். நம் சகோதர சபையார் அவனைக் கோரேசு என்று சொல்வார்கள். அதே பூசையில் வாசிக்கப்படும் சுவிசேஷமோ செசாருக்கு வரி கொடுப்பதைப் பற்றியது. இரண்டும் ஒரே நாளில் ஏன் வைக்கப்பட்டன என்பதைக் கொஞ்சம் நிதானமாய்ச் சிந்திப்பது நமக்குப் பிரயோஜனமாகும்.

அபிஷேகம் பெற்றவர் என்பது சாதாரணப் பட்டமன்று. சவுலும் தாவீதும் அந்தப் பட்டத்தைத் தாங்கினார்கள். கிறிஸ்து என்ற திருநாமத்தின் பொருளும் அதுவே. பழைய ஏற்பாடு முழுவதிலும் இஸ்ராயேல் குலத்தைச் சேராத ஒருவனுக்கு அந்தப் பட்டம் கொடுக்கப்பட்டது சீருஸ் ஒருவனுக்கே. அவனோ மெய்யான சர்வேசுரனை அறியாதவன். அப்படியானால் ஒரு கேள்வி எழுகிறது. அரசனை ஏற்படுத்துகிறவர் சர்வேசுரன் என்றால், அரசன் செய்வதெல்லாம் சர்வேசுரனுடைய சித்தமாகி விடுமா? "ஆண்டவரே என்னை இந்த ஸ்தானத்தில் வைத்தார்" என்று ஒருவன் சொன்னால் அதற்குமேல் நாம் வாயைத் திறக்கக் கூடாதா? இது பழைய காலத்துக் கேள்வி மாத்திரமல்ல. நாடாள்கிறவனுக்கும், ஒரு சிறிய குடும்பத்தை ஆள்கிறவனுக்கும் இது பொருந்தும்.

முதலில் சரித்திரத்தைப் பார்ப்போம். கிறிஸ்து பிறப்பதற்கு முன் 587ஆம் ஆண்டளவில் நபுக்கோதனோசோர் அரசன் ஜெருசலேமை இடித்து, தேவாலயத்தைச் சுட்டெரித்து, யூத ஜனத்தைப் பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோனான். சுமார் ஐம்பது ஆண்டுகள் கழித்து, கி. மு. 539இல், சீருஸ் பாபிலோனைப் பிடித்தான். யூதர்கள் ஊர் திரும்பவும் தேவாலயத்தைத் திரும்பக் கட்டவும் அவன் உத்தரவு கொடுத்ததாக எஸ்திராஸ் ஆகமம் கூறுகிறது. பரலோகத்தின் ஆண்டவரே தனக்கு இராச்சியங்களைக் கொடுத்தார் என்று அந்த உத்தரவில் அவன் அறிக்கையிடுகிறான்.

இதை வாசித்தவுடன், "ஆகா, சீருஸ் மனந்திரும்பி விட்டான்" என்று சந்தோஷப்படத் தோன்றும். ஆனால் 1879ஆம் ஆண்டிலே பாபிலோன் நகரத்து இடிபாடுகளில் ஒரு மண் உருளை கண்டெடுக்கப்பட்டது. பீப்பாய் வடிவமானது, நீளம் ஏறக்குறைய ஒரு சாண். இப்பொழுது அது இலண்டன் மாநகரத்துப் பொருட்காட்சி சாலையில் இருக்கிறது. சீருஸ் அரசன் பேரால் ஆப்பெழுத்தில் எழுதப்பட்ட அந்தச் சாசனம் என்ன சொல்லுகிறது? பாபிலோனின் தேவனாகிய மார்துக், தன் வழிபாட்டைக் கெடுத்த நபோனிதுஸ் அரசன் மேல் கோபங்கொண்டு, நீதியுள்ள ஓர் அரசனைத் தேசமெங்கும் தேடி, சீருஸைக் கண்டு, அவன் கையைப் பிடித்துப் பாபிலோனுக்குள் சண்டையின்றி அழைத்து வந்தானாம். பல ஊர்களின் தேவர்களைச் சீருஸ் அவரவர் கோயிலுக்குத் திருப்பி அனுப்பினானாம். அந்தத் தேவர்கள் தன் நீண்ட ஆயுளுக்காக மார்துக்கிடம் பேச வேண்டும் என்று கேட்டுக் கொள்கிறான். யூதரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

ஆக, யூதருக்கு ஒரு பேச்சு, பாபிலோனியருக்கு வேறொரு பேச்சு. அவன் மகன் காம்பீசஸ் கி. மு. 525இல் எகிப்தைப் பிடித்தபோதும் இதுவே நடந்தது. உரோமாபுரியில் வத்திக்கான் காட்சி சாலையில் ஓர் எகிப்தியப் பிரதானியின் சிலை இருக்கிறது. அவன் பெயர் உஜகோரெஸ்னெத். சிலையின் மேல் அவன் தன் கதையை வெட்டி வைத்திருக்கிறான். புதிய அரசனுக்கு எகிப்திய இராஜ பட்டப் பெயரை அமைத்துக் கொடுத்தவன் அவனே. அவன் கேட்டுக் கொண்டபடி காம்பீசஸ் சாயிஸ் நகரத்து நெயித் தேவியின் கோயிலில் குடியேறியிருந்த அந்நியரை வெளியேற்றி, அதைச் சுத்தப்படுத்தி, அங்கே வணங்கினானாம். அதே எகிப்தில், எலிபந்தீன் தீவில் குடியிருந்த யூதர்கள் பிற்காலத்தில் எழுதிய ஒரு விண்ணப்பமோ, காம்பீசஸ் வந்தபோது எகிப்தியருடைய கோயில்களெல்லாம் இடிக்கப்பட்டன, தங்கள் கோயிலுக்கு மாத்திரம் சேதமில்லை என்று கூறுகிறது. அவரவர் தங்கள் கோயில் தப்பியதை நினைவில் வைத்துக் கொண்டார்கள். அரசனோ எல்லாரிடத்திலும் அவரவர் தேவன் பெயரைச் சொல்லி ஆட்சியை உறுதிப்படுத்திக் கொண்டான்.

சிலர் இதைக் கண்டு, "இதுவல்லவோ பரந்த மனது!" என்பார்கள். சீருஸின் உருளையை மனித உரிமைகளின் முதல் சாசனம் என்று புகழ்ந்து, 1971இல் அதன் நகலை ஐக்கிய நாடுகள் சபைக்கு ஈரான் அரசாங்கம் அளித்தது. வேறு சிலர், "இது வெறும் தந்திரம்" என்பார்கள். இரண்டும் முழு உண்மையல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. ஜனங்களைச் சிறையிருப்பிலிருந்து விடுவதும், இடிந்த ஆலயத்தைக் கட்ட விடுவதும் நல்ல காரியம். செய்தவனுடைய உள்நோக்கம் கலப்படமாயிருந்தாலும் ஊர் திரும்பிய கிழவிக்குக் கிடைத்த சந்தோஷம் கலப்படமல்ல. ஆனால் நல்ல காரியம் செய்தவன் ஆகையால் அவன் புனிதன் என்று சொல்லிவிடக் கூடாது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக் கொள்ள வேண்டும்.

இனி தாரியுஸ் அரசனைக் கவனியுங்கள். கி. மு. 522இல் அவன் சிங்காசனம் ஏறினான். ஈரான் தேசத்தில் கெர்மான்ஷா என்ற ஊருக்கு அருகே, பெஹிஸ்தூன் என்னும் செங்குத்தான மலைப்பாறையில், வெகு உயரத்திலே, அவன் தன் வெற்றியைச் சிற்பமாகவும் மூன்று மொழிகளில் எழுத்தாகவும் வெட்டி வைத்தான். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், 1835 முதல், ராலின்சன் என்ற ஆங்கிலேயர் அந்தப் பாறையில் ஏறி உயிரைப் பணயம் வைத்து அதைப் பிரதி செய்தார். அதிலே அரசன் ஒருவனை மல்லாக்கக் கிடத்தி மிதித்துக் கொண்டு நிற்கிறான். அவனுக்கு எதிரே ஒன்பது பேர் கழுத்தில் கயிறு கட்டப்பட்டு வரிசையாய் நிற்கிறார்கள். மேலே அகுரமஸ்தா என்னும் அவர்கள் தேவனைக் குறிப்பதாகச் சொல்லப்படும் சிறகுள்ள உருவம்.

எழுத்தைப் படித்தால், ஏறக்குறைய ஒவ்வொரு பத்தியிலும், அகுரமஸ்தாவின் தயவால் நான் அரசன், அகுரமஸ்தா எனக்கு இராச்சியத்தைக் கொடுத்தார் என்ற கருத்தே திரும்பத் திரும்ப வருகிறது. தன்னை எதிர்த்தவர்களுக்கெல்லாம் தாரியுஸ் வைத்த பெயர் ஒன்றுதான்: பொய்யர். மிதிபட்டுக் கிடப்பவன் கௌமாதா என்ற மந்திரவாதிக் குருவாம். சீருஸின் மகனாகிய பார்தியா நானே என்று பொய் சொல்லி இராச்சியத்தைக் கவர்ந்து கொண்டானாம். உண்மையான பார்தியாவைக் காம்பீசஸ் முன்னமே இரகசியமாய்க் கொன்றுவிட்டானாம். ஆறு துணைவரோடு தாரியுஸ் போய் அவனைக் கொன்றான். ஆனால் மாண்டவன் பொய்ப் பார்தியா அல்ல, சீருஸின் மெய்யான மகனே என்றும், சிங்காசனத்துக்கு நேர் உரிமையில்லாத தாரியுஸே இந்தக் கதையைக் கட்டினான் என்றும் இன்றைய சரித்திர ஆசிரியர் பலர் சந்தேகிக்கிறார்கள். அந்தச் சந்தேகம் சரியானால், பொய்யைக் கண்டித்து உலகத்தில் எழுதப்பட்ட பெரிய சாசனங்களில் ஒன்று ஒரு பொய்யின் மேல் நிற்கிறது என்றாகும்.

சந்தேகத்தை விட்டுவிடுவோம். சந்தேகமில்லாத ஒன்றைப் பார்ப்போம். ஒரே வருஷத்தில் 19 போர்கள் செய்து ஒன்பது அரசர்களைப் பிடித்ததாக அவனே சொல்லுகிறான். மேதிய தேசத்துக் கலகத் தலைவன் பிராவர்த்திஷ் என்பவனுடைய மூக்கையும் காதுகளையும் நாக்கையும் அறுத்து, ஒரு கண்ணைப் பிடுங்கி, அரண்மனை வாசலில் கட்டி எல்லாரும் பார்க்க வைத்து, பிறகு கழுவேற்றியதாகவும் அவனே எழுதுகிறான். வெட்கத்தோடு எழுதவில்லை; தேவனுடைய தயவால் நடந்ததென்று எழுதுகிறான். இங்கேதான் ஆபத்து. வாதியும் அவனே, சாட்சியும் அவனே, நீதிபதியும் அவனே. தேவனுடைய பெயரோ தீர்ப்பின் அடியில் வைக்கும் முத்திரை.

ஆனால் இதே தாரியுஸ் தன் கல்லறைப் பாறையில், நக்ஷ்-இ-ருஸ்தம் என்ற இடத்தில், வேறு விதமாகப் பேசுகிறான். எளியவனுக்கு வலியவன் அநியாயம் செய்வதும், வலியவனுக்கு எளியவன் அநியாயம் செய்வதும் தனக்குச் சம்மதமல்ல என்கிறான். கோபத்தை அடக்கி ஆள்கிறவன் தான் என்கிறான். நல்ல வார்த்தைகள்! நம் பள்ளிக்கூடச் சுவரில் எழுதி வைக்கத் தக்கவை. ஜெருசலேம் தேவாலயம் கட்டி முடிந்ததும் அவன் ஆட்சியின் ஆறாம் ஆண்டில், கி. மு. 515இல். அதற்கு அரசாங்க வரியிலிருந்து பணம் கொடுத்தான். தனக்காகவும் தன் பிள்ளைகளுக்காகவும் அங்கே மன்றாடும்படி கேட்டான். ஆகையால் அவனை முழுக்கக் கெட்டவன் என்றும் தள்ள முடியாது. மனுஷன் அப்படித்தான் இருக்கிறான்.

அவன் மகன் செர்க்ஸெஸ் காலத்துக் கல்வெட்டு ஒன்று 1935இல் பெர்செப்போலிஸ் நகரத்தில் அகப்பட்டது. பொய்த் தேவர்கள் வணங்கப்பட்ட ஓர் இடத்தை, அகுரமஸ்தாவின் தயவால், தான் அழித்துவிட்டதாக அதில் அவன் சொல்லுகிறான். எந்தத் தேசம் என்று பெயர் சொல்லவில்லை. தகப்பனும் பாட்டனாரும் கோயில் கட்டியதற்குச் சொன்ன அதே காரணத்தை மகன் கோயில் இடித்ததற்குச் சொன்னான். கட்டுவதற்கும் தேவ சித்தம், இடிப்பதற்கும் தேவ சித்தம் என்றால், உண்மையில் யாருடைய சித்தம் நடக்கிறது?

இப்பொழுது நம் கேள்விக்கு வருவோம். அதிகாரம் சர்வேசுரனிடத்திலிருந்து வருகிறது என்பது அர்ச். சின்னப்பர் உரோமையருக்கு எழுதிய நிருபத்தில் போதித்த சத்தியம். இதை நாம் மறுப்பதில்லை. நான்காம் நூற்றாண்டிலே பொன்வாய் அருளப்பர் என்னும் அர்ச். கிறிசோஸ்தோம் இந்த இடத்தை விளக்கும்போது, அப்போஸ்தலர் தனித்தனி அரசனைப் பற்றிப் பேசவில்லை, ஆளுகை என்ற ஒழுங்கைப் பற்றியே பேசுகிறார் என்று தெளிவாய்க் கூறினார். கலியாணம் சர்வேசுரன் ஏற்படுத்தியது. அதனால் ஊரில் நடக்கும் ஒவ்வொரு கலியாணமும் யோக்கியமானது என்று யாராவது சொல்வார்களா? ஆளுகையும் அப்படியே.

13ஆம் நூற்றாண்டில் அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் இன்னும் நுட்பமாய்ப் பிரித்தார். அதிகாரம் தன்னிலே சர்வேசுரனிடத்திலிருந்து வந்தாலும், அதை அடைந்த வழி கெட்டதாயிருக்கலாம். அல்லது நேர்வழியில் அடைந்ததைப் பயன்படுத்தும் விதம் கெட்டதாயிருக்கலாம். ஆகவே நாம் மூன்று காரியங்களைத் தனித்தனியே கேட்க வேண்டும். இது என்ன அதிகாரம்? இவனுக்கு எப்படிக் கிடைத்தது? இதைக் கொண்டு இவன் என்ன செய்கிறான்? தாரியுஸின் பாறை இந்த மூன்றையும் ஒன்றாய்க் குழைத்து, "எல்லாம் தேவ தயவு" என்று ஒரே பதிலைச் சொல்லுகிறது. விசுவாசியோ மூன்றையும் குழப்ப மாட்டான்.

இசையாஸ் ஆகமத்திலேயே இதற்கு அத்தாட்சி உண்டு. சீருஸை அபிஷேகம் பெற்றவன் என்று அழைக்கிற அதே இடத்தில், அவன் தம்மை அறியாதவன் என்பதை ஆண்டவர் ஒரு தரத்துக்கு இரு தரம் சொல்லுகிறார். அவனை எடுத்து உபயோகித்தது இஸ்ராயேலின் நிமித்தம். அவனுடைய பெருமைக்காக அல்ல. இதே ஆகமம் 10ஆம் அதிகாரத்தில், அசீரிய அரசன் ஆண்டவர் கையில் ஒரு கோல் என்று சொல்லப்படுகிறது. அவன் அகந்தை கொண்டதற்குத் தண்டனை உண்டு என்றும், கோடரியை உவமையாகக் காட்டியும், எச்சரிக்கப்படுகிறது. சர்வேசுரன் கையில் கருவியாயிருப்பது வேறு; சர்வேசுரனுக்குப் பிரியமானவனாயிருப்பது வேறு. கருவியாக இருந்தவனும் கணக்குக் கொடுக்க வேண்டும். "ஆண்டவர் எனக்குக் கொடுத்தார்" என்று சொல்லுகிறவன் தன் வாயாலேயே தன் கணக்கைப் பெரிதாக்கிக் கொள்கிறான்.

அப்படிப்பட்ட அரசர்களின் கீழே ஒரு விசுவாசி எப்படி நடந்து கொண்டான் என்பதற்கு நெகேமியாஸ் நல்ல மாதிரி. அவர் அர்த்தசெர்க்ஸெஸ் அரசனுக்குப் பானபாத்திரம் கொடுக்கிற உத்தியோகஸ்தர். கி. மு. 445இல் உத்தரவு வாங்கி ஜெருசலேமுக்குப் போய், 52 நாட்களில் மதிலைக் கட்டி முடித்தார். அங்கே ஜனங்கள் அவரிடம் வந்து அழுதார்கள். அரசனுடைய வரியைக் கட்டுவதற்காக வயலையும் திராட்சைத் தோட்டத்தையும் அடகு வைத்தோம், பிள்ளைகளை அடிமையாக்கினோம் என்றார்கள். தேவாலயத்துக்குப் பணம் கொடுத்த அதே இராச்சியத்தின் வரிதான் அது! ஆனால் வட்டி வாங்கி வயலைப் பிடுங்கியவர்கள் பாரசீகர் அல்ல. அவர்களுடைய சொந்த ஜனத்துப் பெரியவர்கள். நெகேமியாஸ் கோபப்பட்டார். பெரியவர்களைச் சபை நடுவே நிறுத்திக் கண்டித்து, வயல்களைத் திரும்பக் கொடுக்கச் செய்தார். தானும் தன் சகோதரரும் கடன் கொடுத்திருந்ததை மறைக்கவில்லை, அதையும் விட்டுவிட்டார். பன்னிரண்டு ஆண்டுகள் அதிபதியாயிருந்தும், அதிபதிக்குரிய படியை ஜனங்களிடம் வாங்கவில்லை. "சர்வேசுரன் என்னை வைத்தார்" என்று பாறையில் எழுதியவனையும், சர்வேசுரனுக்குப் பயந்து படியை வேண்டாமென்றவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். அதிகாரத்தின் பாரத்தை யார் சுமக்கிறான் என்பதே உரைகல்.

கி. மு. 330இல் அலெக்சாந்தர் பெர்செப்போலிஸ் அரண்மனையைக் கொளுத்தினான். ஆனால் கதை அங்கே முடியவில்லை. கி. பி. 224 முதல் அதே தேசத்தில் சாசானிய வம்சத்தார் ஆண்டார்கள். ஜரதுஷ்டிர மதமும் சிங்காசனமும் அவர்கள் நாளில் இன்னும் நெருங்கிச் சேர்ந்தன. இரண்டாம் ஷாப்பூர் 309 முதல் 379 வரை அரசாண்டான். அந்நாளில் உரோமைச் சக்கரவர்த்தி கொன்ஸ்தந்தீன் கிறிஸ்தவர்களை ஆதரித்து, பாரசீகத்துக் கிறிஸ்தவர்களுக்காகவும் ஷாப்பூருக்குக் கடிதம் எழுதினான். விளைவு என்ன? தன் நாட்டுக் கிறிஸ்தவர்கள் எதிரியின் ஆட்கள் என்று ஷாப்பூர் எண்ணத் தொடங்கினான். யுத்தச் செலவுக்காகக் கிறிஸ்தவர்களிடம் இரட்டை வரி வசூலித்துத் தரும்படி தலைநகரத்து மேற்றிராணியாராகிய மார் சிமியோனுக்கு உத்தரவு பிறந்தது. தம் ஜனங்கள் ஏழைகள், வரி தண்டுவது மேய்ப்பனுடைய வேலையல்ல என்று அவர் மறுத்தார். அதற்காகவும், சூரியனை வணங்க மறுத்ததற்காகவும், 340ஆம் ஆண்டுக்குப் பின் அநேகரோடு அவர் வேதசாட்சியாய் மரித்தார் என்று பழைய சீரியச் சரிதைகள் சொல்லுகின்றன. அந்தப் பாரசீகத் திருச்சபையின் நினைவு நமக்கும் தூரமானதல்ல. 1547இல் சென்னைப் பரங்கிமலையில் கண்டெடுக்கப்பட்ட கற்சிலுவையைச் சுற்றியிருப்பது பழைய பாரசீக பாஷையாகிய பஹ்லவி எழுத்துத்தான்.

மார் சிமியோன் அரசனுக்கு எதிராகக் கலகம் செய்யவில்லை. அரசனைச் சர்வேசுரனாகவும் ஆக்கவில்லை. செசாருக்குரியதும் சர்வேசுரனுக்குரியதும் வேறு வேறு என்று ஆண்டவர் கற்பித்ததன் பொருளை அவர் இரத்தத்தால் எழுதினார். கிறிஸ்தவ அரசர்களும் பிற்காலத்தில் நமது வேதத்தின் பெயரைச் சொல்லி வாளை எடுத்ததுண்டு என்பதையும் நாம் மறக்கலாகாது. பொய் நம்முடைய பாஷையில் பேசினால் அது மெய்யாகிவிடாது.

கடைசியாக, இது நமக்கு எப்படிப் பொருந்தும்? நம்மில் சிங்காசனம் உள்ளவன் ஒருவனும் இல்லை என்று நினைக்க வேண்டாம். தகப்பனுக்கு வீடு ஓர் இராச்சியம். "நான் குடும்பத் தலைவன், ஆண்டவர் வைத்த ஒழுங்கு இது" என்று சொல்லி, மகள் மனமில்லாமல் அழும்போது அவளுக்குக் கலியாணம் நிச்சயிக்கிறவன் தாரியுஸின் பாறையில் இன்னொரு வரி எழுதுகிறான். பலவந்தத்தால் செய்த கலியாணம் செல்லாது என்பது திருச்சபையின் சட்டம். கூலியைப் பிடித்து வைத்துக் கொண்டு, கெபிக்கு விளக்குப் போட்டுக் கொடுக்கிற முதலாளியும், கோயில் கட்டிய அரசனும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். அன்பியத்திலும் சங்கத்திலும் பொறுப்பு வகிக்கிறவர்களுக்கும், பீடத்தின் முன் நிற்கிற குருவுக்கும் இதே நியாயம் உண்டு. எங்கள் வாயில் "தேவ சித்தம்" என்ற சொல் சுலபமாய் வரும். ஆகையால் எங்கள் விஷயத்தில் அதை அதிகமாய்ச் சோதிக்க வேண்டும்.

சோதிப்பதற்கு வழி கடினமானதல்ல. தேவ சித்தம் என்று சொல்லுகிறவன் கேள்வி கேட்க இடங்கொடுக்கிறானா? அதனால் உண்டாகும் கஷ்டத்தில் தன் பங்கைத் தானும் சுமக்கிறானா? அவனிடத்தில் இருக்கிற எல்லாரிலும் எளியவன் அதனால் நிமிர்கிறானா, குனிகிறானா? இந்த மூன்றுக்கும் நல்ல பதில் வந்தால் நம்பிக் கீழ்ப்படியுங்கள். வராவிட்டால், மரியாதையோடு, ஆனால் பயமில்லாமல், கேளுங்கள். ஓட்டுப் போடும் நாளிலும் இதையே நினையுங்கள். தேர்தலுக்கு முன் ஒருவன் எந்தக் கோயிலில் வணங்கினான் என்பதைக் கொண்டு அவனை அளக்காதேயுங்கள். பதவியிலிருந்தபோது ஏழையின் வழக்கை எப்படித் தீர்த்தான் என்று விசாரியுங்கள்.

அரசர்களுக்காகவும் அதிகாரிகளுக்காகவும் மன்றாடும்படி அர்ச். சின்னப்பர் தீமோத்தேயுவுக்கு எழுதினார். அவர்களை வணங்கும்படி எழுதவில்லை. மன்றாடப்படுகிறவன் தேவையுள்ளவன்; அவனுக்கு மேலே ஒருவர் உண்டு. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் விசுவாசிகள் மன்றாட்டு வரும்போது, நாட்டை ஆள்கிறவர்களுக்காகவும், வீட்டை ஆள்கிறவர்களுக்காகவும், இந்தப் பங்கை நடத்துகிற குருவுக்காகவும் மனதார வேண்டிக் கொள்ளுங்கள்.